தோட்டத்து மேடையில் பாட்டு நாடகம்: ஆட்டம் அமைப்பதும் ஒத்திகை ஓட்டுவதும்

நான் முதன்முதலாக ஆட்டம் அமைத்த நாடகத்தில், இரண்டாவது பாட்டிலேயே ஓரத்தில் நின்ற பையன் ஒருவன் மேடையை விட்டுக் கீழே போய்விட்டான். பெரிய அடி ஒன்றும் இல்லை, மேடை மூன்றடி உயரம்தான், அவனே சிரித்துக்கொண்டு ஏறி வந்து மற்றவர்களோடு சேர்ந்துகொண்டான், பார்த்தவர்கள் அதையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிழை என்னுடையது. பள்ளிக்கூட மைதானத்தில் வாரக்கணக்காக ஒத்திகை பார்த்தோமே தவிர, மேடையை ஒருநாளும் போய் அளந்து பார்க்கவில்லை. நாங்கள் ஆடிப் பழகிய அகலத்தில் முக்கால்வாசிதான் அங்கே இருந்தது.

இதை எழுதுவது யாருக்கென்றால், அட்டன் பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையிலோ இளைஞர் கழகத்திலோ கோயில் கமிட்டியிலோ உட்கார்ந்து, இந்த வருஷம் பாட்டும் ஆட்டமுமாக ஒரு நாடகம் போடுவோம் என்று எல்லோரும் உற்சாகமாகப் பேசி, சரி ஆட்டத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்ததும் அத்தனை பேரும் உங்களையே திரும்பிப் பார்த்தார்கள் பாருங்கள், அந்த உங்களுக்கு. பரதம் படித்திருக்க வேண்டியதில்லை, நானும் படிக்கவில்லை. வெளியிலிருந்து ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்து நம் ஆட்களின் உடம்பில் மாட்டப் பார்த்தபோதெல்லாம் எனக்கு அடி விழுந்திருக்கிறது. அவர்கள் உடம்பில் ஏற்கெனவே இருப்பதை எடுத்து மேடைக்கு ஏற்றமாதிரி வெட்டி ஒட்டியபோதெல்லாம் தப்பித்திருக்கிறேன். கீழே இருப்பது அந்த வெட்டுகிற ஒட்டுகிற வேலைதான்.

நாடக நாளை முதலில் குறியுங்கள்

கதைக்கு முன்னால் நாள். மலைநாட்டில் இரண்டு கலண்டர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஒன்று மழை, மற்றது தேயிலைக் கொழுந்து. அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும், அங்கே மழை ஒக்டோபருக்குப் பிறகு. ஏப்ரல் மழை விழுந்து கொழுந்து குவிகிற வாரங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார்கள், அந்த நாளில் ஒத்திகை வைத்துவிட்டு ஆள் வரவில்லையே என்று கோபித்துப் பிரயோசனம் இல்லை. ஓ.எல், ஏ.எல் பரீட்சை, தோட்டத்துக் கோயில் திருவிழா, மாசி மாதத்துக் காமன் கூத்து எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துவிட்டு மிச்சத்தைத் தேடுங்கள்.

நாள் கிடைத்ததும் அதிலிருந்து 12 வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். ஞாயிறு 3 மணி நேரம், கிழமை நாளில் ஒரு மாலை ஒன்றரை மணி நேரம், ஆக வாரத்துக்கு நாலரை, 12 வாரத்துக்கு 54 மணி நேரம். அதில் கால்வாசி போய்விடும் என்று இப்போதே கழித்துவிடுங்கள். மழை வரும், ஒரு சாவு வரும், ஒரு கல்யாணம் வரும். கையில் நிற்பது சுமார் 40.

ஒரு நிமிஷ ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் என்பது ஆட்டம் அமைப்பவர்கள் வைத்திருக்கிற பொதுவான கணக்கு. மூன்று நிமிஷப் பாட்டு ஆறு என்றால் 18 நிமிஷம், அதற்கே 18 மணி நேரம், அதுவும் சொல்லிக்கொடுப்பதற்கு மட்டும், சீராக்குவதற்கு இல்லை. பாட்டுப் பழகவும் வசனக் காட்சிகளைக் கோக்கவும் மிச்சம் 22 மணி நேரம் என்பது இழுபறிதான். அதனால் ஆறு பாட்டில் இரண்டை ஆடாத பாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். தாலாட்டுக்கு ஒருவர் உட்கார்ந்து பாடினால் போதும், ஒப்பாரிக்கு நாலு பெண்கள் தோள் பிடித்து அசைந்தால் போதும். ஆறு மணி நேரம் திரும்பி வந்துவிட்டது. எல்லாப் பாட்டுக்கும் எல்லோரும் ஆட வேண்டும் என்று யாராவது அடம் பிடிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கதையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். விடிய விடிய ஆடிய கூத்தை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சுருக்கி மேடையேற்றிக் காட்டினார், நம் மலைநாட்டிலேயே நடந்த வேலை அது. நம்மால் ஒரு மணி நேரத்தில் சொல்ல முடியாதா என்ன.

பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. படப் பாட்டை அப்படியே போடுவதும் அதன் மெட்டில் நம் வரிகளை ஏற்றுவதும் சுலபம்தான், ஆனால் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை அதைப் படைத்தவர் இறந்து 70 வருஷம் வரைக்கும் இருக்கிறது, டிக்கட் போட்டு நாடகம் நடத்துகிறவர்களுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. அதைவிட நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அம்மாயிமாரிடமும் அப்பாயிமாரிடமும் கும்மியும் தெம்மாங்கும் தாலாட்டும் இன்னும் கிடக்கின்றன. போனை எடுத்துக்கொண்டு ஒரு பின்நேரம் போய் உட்காருங்கள், முதலில் வெட்கப்படுவார்கள், இரண்டாவது தேத்தண்ணிக்குப் பிறகு நிறுத்த மாட்டார்கள்.

ஆள் சேர்ப்பது

தேர்வு என்ற பேரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடுவில் நிற்கவைத்து ஆடச் சொல்லாதீர்கள். பாதிப் பேர் அன்றோடு சரி, அடுத்த ஞாயிறு வர மாட்டார்கள். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, தெரிந்த ஒரு கும்மிப் பாட்டைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, நீங்கள் வெளியே நின்று பாருங்கள். யார் தாளத்தைக் காலில் பிடிக்கிறார்கள், யார் பக்கத்து ஆளைப் பார்த்துப் பிடிக்கிறார்கள், யார் பாடும்போது காலை மறக்கிறார்கள் என்று அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மூன்று வகையும் வேண்டும். முதல் வகையில் ஒரு பெண்ணையோ பையனையோ அன்றைக்கே ஆட்டத் தலைமைக்கு எடுத்துவிடுங்கள், நீங்கள் காய்ச்சலில் படுத்தால் ஒத்திகையை ஓட்டப்போவது அந்த ஆள்தான்.

பெண் பிள்ளைகளைப் பற்றி நேராகவே பேசிவிடுவோம். மாலை ஒத்திகைக்கு அனுப்ப வீட்டில் யோசிப்பார்கள், அந்த யோசனையில் நியாயமும் இருக்கிறது, தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ் டிவிசனுக்குத் தேயிலைக்குள்ளே இருட்டில் நடந்துதான் போக வேண்டும், சிறுத்தை நடமாட்டம் உள்ள இடமென்றால் சொல்லவே வேண்டாம். முதல் வாரமே பெற்றோரைக் கூப்பிட்டு ஒத்திகையைப் பார்க்கவிடுங்கள். யார் யாரோடு திரும்பிப் போகிறார்கள் என்று பேர் எழுதி வையுங்கள். கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்னால் முடியுங்கள், அந்த அரை மணி நேரத்தில் இன்னும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்ற ஆசை எனக்கும் வரும், வந்தாலும் முடியுங்கள். ஒரு தடவை ஒரு பிள்ளை பஸ்ஸைத் தவறவிட்டு அவளுடைய அப்பா டோர்ச் லைட்டோடு தேடி வந்தார், அடுத்த வாரம் அந்த லயத்திலிருந்து நாலு பேர் குறைந்தார்கள்.

அடிகளை எங்கிருந்து எடுப்பது

பள்ளிக்கூட விழாக்களில் வருகிற கொழுந்து ஆட்டத்தைப் பார்க்காதவர் இங்கே யாரும் இல்லை. பளபளக்கும் பாவாடை, சின்னக் கூடை, ஒரு கையால் ஒன்று மற்றக் கையால் ஒன்று என்று கிள்ளிக் கிள்ளி, முகம் நிறையச் சிரிப்பு. நானும் என் முதல் நாடகத்தில் அப்படித்தான் வைத்தேன். ஒத்திகை பார்க்க வந்த, இருபது வருஷமாக மலைக்குப் போகிற ஓர் அக்கா, அது பூப்பறிக்கிற கை தம்பி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் அவர் கொழுந்து பறிக்கிற நிரைக்குப் போய் நின்றேன், துரைமார் கண்ணில் படாமல்தான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் ஒடித்துக்கொண்டே போகிறது, கைப்பிடி நிறையும் வரை உள்ளங்கையிலேயே சேர்கிறது, நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னால் ஒரு வீச்சு. கண் கூடையைப் பார்ப்பதே இல்லை, அடுத்த செடிக்குப் போய்விட்டது. கூடையின் கயிறு தலையில் இழுப்பதால் கழுத்து ஆடாது. மலைச் சரிவு என்பதால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, இடுப்பால் செடியைத் தள்ளிக்கொண்டு நகர்வு. சிரிப்பெல்லாம் இல்லை.

இதை எட்டு எண்ணிக்கையில் போட்டுப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஆறு வரை குட்டிக் குட்டியாக, வேகமாக, விரல் வேலை மட்டும். ஏழு எட்டில் தோளுக்கு மேலால் வீச்சு. பதினாறு பேர் ஆறு எண்ணிக்கைக்குத் தலையை ஆட்டாமல் விரலை மட்டும் ஓட்டிவிட்டு ஒரே நேரத்தில் வீசினால் மண்டபம் அமைதியாகிவிடும், நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை, வெட்டி அளவாக்கினேன், அவ்வளவுதான்.

இந்த மாதிரி உங்கள் தோட்டத்திலேயே ஒரு பட்டியல் எடுங்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்கு வந்து நிற்கிற நிலை. படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக் கட்டுகிற வேகம். மழை விழுந்ததும் கம்பளியைத் தலைக்கு இழுப்பது. செடியின் மேல் போட்டு மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு, அது கோலாட்டக் கம்பாகவும் ஆகும், தரையில் தட்டினால் தாளமாகவும் ஆகும். செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து வீச்சும் அருமையான அசைவு, ஆனால் உண்மைக் கத்தியை மேடைக்குக் கொண்டுவராதீர்கள், அட்டையில் வெட்டிய கத்தி போதும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டுகிற ரோலர் சுழல்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்துப் பேர் தோள் பிடித்து அந்த மாதிரி மெதுவாக வட்டம் போட்டால் மெஷினே வந்து நின்ற மாதிரி இருக்கும். கும்மி, கோலாட்டம், காவடி இதெல்லாம் ஏற்கெனவே காலில் இருக்கிறது.

அப்புறம் கூத்து. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு மூன்றும் மலையகத்தில் நமக்குக் கிடைத்த பள்ளிக்கூடங்கள். மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றிய பிறகு நடக்கிற காமன் கூத்தை ஓர் இரவு முழுக்க விழித்துப் பாருங்கள். ரதியும் மதனும் வருகிற அடி ஒன்று, வீரபத்திரன் வருகிற அடி வேறொன்று, ஆள் யார் என்று முகத்தைப் பார்க்காமலே காலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். உங்கள் நாடகத்துப் பாத்திரங்களுக்கும் அப்படி ஆளுக்கு ஒரு அடி கொடுங்கள். கங்காணிக்கு ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, படித்துவிட்டுக் கொழும்பிலிருந்து லீவுக்கு வந்த மகனுக்கு ஒன்று. ஆனால் கூத்தாடுகிறவர்கள் விரதம் இருந்து, நேர்த்தி வைத்து ஆடுகிறார்கள். கூத்து மாஸ்டரிடம் முன்கூட்டியே போய்க் கேட்டு, அடியை மட்டும் வாங்குங்கள். காமன் எரிப்பு போன்ற சடங்கைத் தூக்கி மேடை வேடிக்கையாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எண்ணிக்கை

ஒரு பாட்டு நிமிஷத்துக்கு 120 தட்டு வேகத்தில் போகிறது என்று வையுங்கள். மூன்று நிமிஷத்துக்கு 360 தட்டு, எட்டால் பிரித்தால் 45 எட்டுகள். கேட்டதும் பயமாக இருக்கும். ஆனால் பல்லவி மூன்று தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் எட்டு எட்டுகள் என்றால் 24 எட்டு ஒரே ஆட்டம்தான். மிச்சம் 21. அதில் ஆட்கள் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரு ஆறு, ஒருவர் தனியாகப் பாட மற்றவர்கள் அசையாமல் நிற்க ஒரு ஐந்து. ஆக பல்லவிக்கு எட்டும் சரணத்துக்குப் பத்தும், மொத்தம் 18 எட்டுக்குத்தான் நீங்கள் புதிதாக யோசிக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு பாட்டுக்கும் போட்டுக் கொப்பியில் எழுதிய பிறகுதான் முதல் ஒத்திகைக்கே போக வேண்டும். அங்கே போய் நின்று யோசிப்பது மற்றவர்கள் நேரத்தைத் தின்பது, மலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர்களை நிற்கவைத்துக்கொண்டு தாடையைத் தடவுகிற ஆளாக இருக்காதீர்கள்.

எட்டு எல்லா இடத்திலும் செல்லாது. நிறையக் கும்மிப் பாட்டு தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகும், அங்கே போய் எட்டு எண்ணினால் மூன்றாவது வரியில் ஆட்டம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அப்படிப்பட்ட பாட்டுக்கு ஆறு எண்ணுங்கள், அல்லது இலக்கத்தையே விட்டுவிட்டுத் தப்பு மேளம் அடிக்கிறவர் வாயால் சொல்கிற சொல்லையே எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இலக்கத்தைவிடச் சொல் சீக்கிரம் காலில் இறங்கும்.

வலது இடது குழப்பம் கடைசி வரை இருக்கும். எங்கள் ஒத்திகைகளில் வலதும் இல்லை, இடதும் இல்லை, கோயில் பக்கம், ஸ்டோர் பக்கம்தான். மண்டபத்துக்குப் போனபோது திசை மாறியது, அதனால் மேடையின் இரண்டு ஓரத்திலும் கோயில், ஸ்டோர் என்று பெரிதாக எழுதி ஒட்டினோம். ஒலிபெருக்கி போட வந்தவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

வட்டத்தைத் திறப்பது

நம் ஆட்டங்கள் எல்லாம் சுற்றி ஆள் நிற்கிற களத்துக்குப் பிறந்தவை, மேடையிலோ ஆள் ஒரு பக்கம்தான் இருக்கிறது. கும்மி வட்டத்தை அப்படியே மேடையில் வைத்தால் பார்க்கிறவர்களுக்குப் பாதி நேரம் முதுகுதான். வட்டத்தை அரைப்பிறையாகத் திறந்துவிடுங்கள், பாட்டின் கடைசி வரியில் மட்டும் முழு வட்டமாக மூடட்டும், மூடுகிற அந்த நொடிக்கு ஒரு மதிப்பு வந்துவிடும். கோலாட்டத்தில் இரண்டு வரிசை எதிரெதிராக நிற்கும்போது வரிசைகளைச் சாய்வாக வையுங்கள், முன் முனை கோயில் பக்கம், பின் முனை ஸ்டோர் பக்கம் என்று சாய்த்தால் எல்லா முகமும் தெரியும். உயரமானவர் பின்னே, குட்டையானவர் முன்னே என்பது புகைப்படத்துக்குச் சரி, ஆட்டத்தில் இடைவெளியில் நின்றாலே போதும்.

மேடையை அளந்துவிட்டு வந்து அதே அளவில் ஒத்திகை இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். மேடை முன் விளிம்புக்கு நடுவில் 0, அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டடிக்கு ஒன்றாக 2, 4, 6 என்று எழுதுங்கள். நீ 4இல் நில், நீ 6இல் நில் என்றால் முடிந்தது. மேடையில் ஆடும்போது அதே இலக்கங்களை முன் விளிம்பில் சின்ன டேப் துண்டில் ஒட்டிவிடலாம், பார்க்க வருபவர்களுக்குத் தெரியாது. விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே இன்னொரு கோடு, அதைத் தாண்டினால் எல்லோரும் கத்த வேண்டும் என்பது எங்கள் சட்டம். காரணம் முதல் பந்தியிலேயே சொல்லிவிட்டேன்.

ஒத்திகை ஓடும் விதம்

முதல் 15 நிமிஷம் உடம்பைச் சூடாக்குவதற்கு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், தை மாதத்து மாலையில் குளிர்ந்த சிமெந்துத் தரையில் செருப்பில்லாமல் நின்று நேராக ஆடத் தொடங்கினால் தொடை பிடிக்கும். நடை, பிறகு வேக நடை, தோள், கணுக்கால், அப்புறம் ஒரு கும்மி. சிமெந்துத் தரையில் குதிப்பு வேண்டவே வேண்டாம். வயதானவர்களை உட்கார்ந்து எழும்ப வைக்காதீர்கள், நின்ற இடத்திலேயே அவர்கள் கைதட்டுகிற அழகு எந்தக் குதிப்பிலும் வராது. மழை என்றால் தரையைத் துடைக்க ஒரு சாக்கு.

புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைத் தொடக்கத்தில் வையுங்கள், களைத்த பிறகு வைத்தால் பிழையாகப் படிந்துவிடும், பிழையாகப் படிந்ததை எடுப்பது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். கண்ணாடி இல்லாத இடத்தில் நீங்கள் அவர்களுக்கு முதுகு காட்டி நின்று ஆடிக்காட்டுங்கள், அவர்கள் திரும்புகிற இடம் வந்தால் பார்த்துப் பிடிக்கப் பின்பக்கத்தில் ஆட்டத் தலைவியை நிறுத்துங்கள். இரண்டு எட்டு சொல்லி, மூன்று தடவை மெதுவாக, பிறகு பாட்டோடு. அடுத்த இரண்டு எட்டு. எப்போதும் முதலிலிருந்து தொடங்குவதால் எல்லோருக்கும் தொடக்கம் தண்ணீர் மாதிரி வரும், கடைசிப் பகுதி தள்ளாடும். அதனால் சில நாள் கடைசி நாலு எட்டிலிருந்து தொடங்கிப் பின்னாலிருந்து முன்னால் கோத்துக்கொண்டு வாருங்கள். பார்க்க வந்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டு போவது கடைசியைத்தான்.

வராத ஆளின் இடத்தை மூடாதீர்கள். அது ஆரம்பத்தில் நான் பண்ணிய பெரிய முட்டாள்தனம். ஆள் வரவில்லை என்று வரிசையை நெருக்கினால் அடுத்த வாரம் அவர் வந்து நிற்கும்போது எல்லாருடைய இலக்கமும் மாறிவிடும். இடம் காலியாக இருக்கட்டும், அல்லது ஒரு கூடையை வையுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு ஆளுக்கும் பதிலாக நிற்கக்கூடிய ஒருவர் கொப்பியில் இருக்க வேண்டும், எந்த இடத்துக்கும் நிற்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள் இருந்தாலும் சரி. அந்த ஆளை மதியுங்கள், ஆட்டத்திலேயே கஷ்டமான வேலை அதுதான்.

ஒத்திகை முடிவில் போனில் முழுப் பாட்டையும் வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் போடலாம், ஆனால் கவரேஜ் இல்லாத லயம் உண்டு, போனே இல்லாத வீடும் உண்டு. ஒரு டிவிசனுக்கு ஒரு போன் என்று வைத்து அங்கே கூடிப் பார்க்கச் சொல்வது எங்களுக்குச் சரிவந்தது. பிறகு அந்த நாலு பேரும் தாங்களாகவே முற்றத்தில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் ஒத்திகைச் செலவில் முதல் வரி. இதைச் சில்லறை விஷயம் என்று நினைக்கிற கமிட்டியில் நான் இருந்திருக்கிறேன், ஆறு மணிக்குப் பசியோடு ஆடுகிற பிள்ளைகளின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

பாடிக்கொண்டே ஆடுவது

பாட்டை முதலில் தனியாக, உட்கார்ந்து, வரி தவறாமல் வரும் வரை. பிறகு நடந்துகொண்டு. பிறகு கை மட்டும். கடைசியில் கால். இந்த வரிசையை மாற்றி ஆட்டத்தோடு பாட்டைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டும் அரைகுறையாக நிற்கும். மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்று வரியில் குறியிட்டுவிட்டு, அந்த இடத்தில் பெரிய அசைவு வைக்காதீர்கள். உச்சத்தில் இழுக்கிற இடத்தில் ஆளை நிற்கவையுங்கள், அப்போதே நாலு எட்டு சுற்றிவிட்டு வந்தவரால் அங்கே குரல் தூக்க முடியாது. பாட்டின் வேகம் கூடுகிற இடத்தில் பாதிப் பேர் பாட, பாதிப் பேர் ஆட, அடுத்த சரணத்தில் மாற்றிக்கொள்ளட்டும். கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நல்ல குரல் உள்ள, ஆட விருப்பமில்லாத நாலு பேரை மேடை ஓரத்தில் மைக்குக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டால் ஆடுகிறவர்கள் மூச்சு வாங்குவது யாருக்கும் கேட்காது. பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைப்பதைவிட இது எவ்வளவோ மேல், கரன்ட் போனாலும் நாடகம் நிற்காது. போகும், ஒரு தடவையாவது போகும்.

தப்பு

வாத்தியக்காரர்களைக் கடைசி வாரம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது பலரும் செய்வது. ஐந்தாவது வாரத்திலாவது ஒரு தப்பு மேளம் ஒத்திகைக்குள் வந்துவிட வேண்டும், போன் பாட்டின் வேகம் ஒரே மாதிரி இருக்கும், கையடி வேகம் ஆளைப் பார்த்துக் கூடும், குறையும். எட்டாவது வாரத்தில் ஆட்டமே இல்லாமல், பாடுபவர்களும் தப்பு, உடுக்கு, ஆர்மோனியம், ஜால்ராக்காரர்களும் மட்டும் உட்கார்ந்து முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரு நாள் ஓட்டுங்கள். எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, ஆட்டம் பிசகினால் எந்த அடியைத் திருப்பி அடித்து ஆட்களைச் சேர்த்துக்கொள்வது எல்லாம் அன்றைக்கே முடிவாக வேண்டும்.

மலைநாட்டு ஈரத்தில் தப்பின் தோல் தொய்யும், நெருப்பில் காய்ச்சித்தான் இறுக்க வேண்டும். அதற்கு மண்டபத்துக்கு வெளியே, திரைக்கும் உடுப்புக்கும் எட்டாத ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள், எந்தக் காட்சிக்கு முன்னால் யார் போய்க் காய்ச்சுவது என்றும் எழுதுங்கள். மூடிய மண்டபத்தில் ஒரு தப்பே பாட்டை மூழ்கடிக்கும், பாடுபவர்களுக்குப் பின்னால் வைக்காமல் எதிர் ஓரத்தில் வையுங்கள்.

இன்னொரு விஷயம், மழுப்பாமல் சொல்கிறேன். தப்பை அடிக்கிறவர்களைச் சாதி பார்த்து ஒதுக்கிவைத்த பழக்கம் நம் தோட்டங்களில் இருந்தது, சில இடத்தில் இன்னும் இருக்கிறது. அதனாலேயே அவர்களுடைய பிள்ளைகள் தப்பைத் தொட மறுக்கிறார்கள். உங்கள் நாடகத்துக்குத் தப்பு வேண்டுமென்றால் அதை அடிப்பவருக்குச் சம்பளம், மேடையில் தெரிகிற இடம், அறிவிப்பில் பேர், சாப்பாட்டில் மற்றவர்களோடு ஒரே பந்தி. இதற்கு முகம் சுளிக்கிற கமிட்டிக்கு நான் ஆட்டம் அமைப்பதில்லை.

கடைசி வாரங்கள்

பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரை இரண்டு மாதத்துக்கு முன்பே பார்த்து என்னென்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10க்கு மேல் அதை எதிர்பார்க்க முடியாது, நாடகம் 9க்கு முடிகிற மாதிரி வைத்தால் கீழ் டிவிசன்காரர்களும் நிம்மதியாகப் பார்ப்பார்கள்.

பத்தாவது வாரத்திலிருந்து நிறுத்தாமல் முழுதாக ஓட்டுங்கள். நடுவில் கையைத் தட்டி நிறுத்த வேண்டும் என்று நாக்கு அரிக்கும், கொப்பியில் எழுதிக்கொண்டு சும்மா இருங்கள். பிழையோடு தொடர்ந்து போகத் தெரிந்தால்தான் மேடையில் தப்பிக்க முடியும். முடிந்த பிறகு பத்துக் குறிப்புக்கு மேல் சொல்லாதீர்கள், பதினோராவது யார் காதிலும் ஏறாது.

உடுப்போடு குறைந்தது இரண்டு ஒத்திகை. சேலையில் கால் அகலம் குறையும், அரைப்பாவாடையில் பழகிய பெரிய அடி அங்கே வராது, ஆகவே ஆட்டத்தைச் சுருக்குங்கள், சேலையைத் தூக்கிச் செருகாதீர்கள். கூடையைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஆளோடு இடிக்காமல் திரும்ப ஓரடி கூடுதல் இடைவெளி வேண்டும், இதை உடுப்பு ஒத்திகையில்தான் கண்டுபிடிப்பீர்கள், எல்லோரும் அங்கேதான் கண்டுபிடிக்கிறோம். ஒளி, மைக், திரை இவற்றுக்கு ஒரு நாள் தனியாக. அன்றைக்கு முழு ஆட்டம் வேண்டாம், மாறுகிற இடங்களை மட்டும் தாண்டித் தாண்டிப் போங்கள், பிள்ளைகள் களைக்காமல் இருக்கட்டும்.

நாடகத்தன்று காலையில் மேடையில் ஒருதடவை நடந்து பார்க்கவைத்து, டேப் இலக்கங்களைக் காட்டி, கோயில் பக்கம் எது ஸ்டோர் பக்கம் எது என்று கேட்டுவிட்டு, அதோடு விடுங்கள். புதிதாக ஒன்றையும் மாற்றாதீர்கள். நீங்கள் எங்காவது பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள், மேடை ஓரத்தில் நின்று கையைக் காட்டினால் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

முடிந்த இரவில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பேரைப் பிடித்து வைத்து, கூடை, மட்டக்கம்பு, படங்கு, கம்பளி எல்லாவற்றையும் எண்ணிச் சாக்கில் போடுங்கள். எது எந்த வீட்டுடையது என்று வாங்கும்போதே டேப்பில் பேர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஞாயிறு இரவோடு இரவாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், திங்கட்கிழமை காலை பிரட்டுக்கு அவர்களுக்கு அது வேண்டும்.